அழிக்காமல் விட்ட அளவு

மதியம் இரண்டு பத்துக்கு, மேடவாக்கத்தை ஒட்டிய ஏரிக்கரை நகரில் ஒரு வீடு உட்கார்ந்துவிட்டது. விழுந்தது என்று சொல்ல முடியாது. ஐந்து நாள் அடைமழையில் அடிமண் இளகி, மூன்று மாடிக் கட்டடம் கால் மடங்கிய மாடு போல முன்பக்கமாகக் குந்தி, அப்படியே நின்றது. இரண்டு பதினொன்றுக்கு அதன் உருவம் ‘நகர மாதிரி மையம்’ என்ற அரசு அலுவலகத்தின் பெரிய திரையில் சிவப்பாக எழுந்தது. இரண்டு பன்னிரண்டுக்கு ஜெபசிங் எலுமிச்சைச் சாதத்தை மெல்வதை நிறுத்தினார்.

அந்த வீட்டை அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், 2036இல், தாம்பரத்தில் ஒரு மாடியறை அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வரைந்தவரே அவர்தான். வரைபடத்தின் மூலையில் பொறியாளரின் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். வரைந்த ஆளின் பெயர் எங்கும் இருக்காது. அந்தப் பொறியாளரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஆகவே அந்த அறையிலிருந்த யாருக்கும் விஷயம் தெரியாது. தெரியாதவரைக்கும் நல்லது என்றுதான் முதல் ஒரு நிமிடம் அவருக்குத் தோன்றியது. எவ்வளவு நல்ல மனிதனாக இருந்தாலும் முதல் நிமிடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிடுகிறான்.

ஜெபசிங்குக்கு ஐம்பத்தேழு வயது. நாகர்கோவில்காரர். மையத்தின் மூத்த திருத்தாளர். தட்டையான வரைபடத்தைக் கொடுத்தால் சுவர், தளம், படிக்கட்டு என்று எழுப்பி நிறுத்திவிடும் மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. அதன் பெயர் நிமிர்த்தி. அது குழம்பும் இடங்களில் பதில் சொல்வதுதான் அவர் வேலை. இந்தப் புள்ளிக்கோடு தலைக்கு மேலே போகும் உத்தரமா, தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியா? இந்த வளைவு கதவு திறக்கும் வழியா, வாசல்படியா? கோட்டுக்கு உயரம் கிடையாது. அதைக் கொடுப்பது பார்க்கிறவனின் அனுபவம். அந்த அனுபவத்தை அவரும் அவரைப் போன்ற பழைய வரைவாளர்களும் ஆறு வருடம் ஊட்டி வளர்த்து, அறுபது வருடத்து அனுமதி வரைபடங்களை எல்லாம் எழுப்பி முடித்தார்கள். நகரம் முழுவதும் கணினிக்குள் இன்னொரு முறை நின்றது. அதைத்தான் மாதிரி என்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்று வருடங்களுக்கு முன் சட்டமும் வந்தது: மாதிரியில் இருப்பதே கட்டடம், மாதிரியில் இல்லாதது இல்லை. சட்டம் போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு வாக்கியம் அகப்பட்டுவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். தண்ணீர் இணைப்பு, ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாம் மாதிரியைப் பார்த்தே நடக்க ஆரம்பித்தன. மாதிரியில் இல்லாத அறைகளில் குடியிருந்தவர்கள் இல்லாதவர்கள் ஆனார்கள். மாதம் பிறந்தால் வாடகை வாங்க வருகிறவர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பாளர் உமையாள் போனில் துறைச் செயலாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, காரைக்குடிப் பக்கம். மற்றவர்களுக்குப் பதற்றத்தில் குரல் உயரும், அவளுக்குத் தாழும். இப்போது கிட்டத்தட்டக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“முக்கால் மணி நேரத்துக்கு மேல தாங்காது சார். மேல ஆறு வீடு. உள்ள இருபத்தொரு பேர்னு போன் சிக்னல் சொல்லுது. ஏணி சாய்ச்சா கட்டடமே கூட வருது. அதனால மாதிரியைப் பாத்து மீட்பு இயந்திரம் நுரைக்கல் ஊத்தலாம்னு முடிவெடுத்திருக்கு.”

மறுமுனையில் ஏதோ கேட்டார்கள்.

“நுரைதான் சார், ஆனா ஏழு நிமிஷத்துல கல்லா இறுகிடும். தரைத்தளம் வெறும் தூணுங்க, கார் நிறுத்தற இடம். அதை முழுசா நிரப்பிட்டா மேல இருக்கிறது அசையாது, நிதானமா ஆளை இறக்கலாம். பன்னெண்டு கார் போகும், அவ்வளவுதான். ரெண்டு அம்பதுக்கு பம்ப் ஓடும்.”

ஜெபசிங் சாதத்தை மூடிவைத்தார். அந்தத் தரைத்தளத்தில் ஒரு நாளும் கார் நின்றதில்லை.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு இரண்டு வரைபடம் போடுவார்கள். ஒன்று அனுமதிக்கு, மற்றது கட்டுவதற்கு. அனுமதிக்குப் போவதில் சுற்றிலும் காற்றோட்டமான காலியிடம், கீழே தூண்களுக்கு நடுவே வரிசையாகக் கார்கள். கட்டுவதற்கானதில் அதே இடத்தில் ஐந்து அறை, ஒரு நடை, இரண்டு கழிப்பறை. தெருப்பக்கம் இரும்பு ஷட்டர் போட்டுவிட்டால் வெளியே இருந்து பார்க்கிறவருக்குக் கார் நிறுத்தம்தான். இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. வரவேற்பு மாலை ஆறு மணிக்கு என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவதை யாராவது பொய் என்பார்களா? அந்த மாதிரிதான். ஜெபசிங் மட்டும் அறுநூறு வீட்டுக்கு இப்படிப் போட்டிருப்பார்.

திரையில் அந்தப் பன்னிரண்டு கார்களும் பொம்மை மாதிரி அழகாக நின்றன.

கட்டடத்தின் அருகே நிற்கும் மீட்பு அதிகாரி காசிமின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மழைச் சத்தம் அதைவிடப் பலமாக இருந்தது.

“மேடம், முன்பக்கம் ஷட்டர் வரைக்கும் சேத்துல இறங்கிடுச்சு. இங்க பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க, கீழ ஆளு இருக்கு, கீழ ஆளு இருக்குன்னு கத்தறாங்க. ஓனரு நிக்கறாரு, அவரு இல்லவே இல்லன்னு சத்தியம் பண்றாரு.”

“இயந்திரம் என்ன சொல்லுது?”

“அதுவும் இல்லங்குது. ஆனா தட்டற சத்தம் கேக்குது மேடம். என் காதாலயே கேட்டேன். மிஷின் அதை பைப்புல காத்து அடைச்ச சத்தம்னு பதிவு பண்ணுது.”

உமையாள் திரையைப் பார்த்தாள். “மாதிரியில கீழ அறையே இல்லையே காசிம். நான் என்னன்னு எழுதறது? சரி, பம்பைத் தயாரா வைங்க. ஒண்ணுதான் புரியல. முதல் மாடி பி வீட்டுல மட்டும் பன்னெண்டு போன் காட்டுது. அங்க பதிவு மூணே பேர். புதன்கிழமை மத்தியானம் என்ன விசேஷம்?”

ஜெபசிங் எழுந்துவிட்டார். விசேஷம் ஒன்றுமில்லை. மாதிரியில் இல்லாத இடத்திலிருந்து போன் பேசினால் மையம் அதை நம்பாது. பக்கத்தில் எந்த அறை மாதிரியில் இருக்கிறதோ அதில் கொண்டுபோய் அந்தப் புள்ளியை ஒட்டவைத்துவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. ஒன்பது பேர் அந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்கிறார்கள். மணி இரண்டு இருபத்தேழு.

“மேடம், நுரை ஊத்தக் கூடாது,” என்றார்.

“ஏன்?”

“கீழ ஆளு இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் தன் திரையில் அந்த வீட்டின் பழைய தட்டையான வரைபடத்தைத் திறந்து, தரைத்தளத்தைப் பெரிதாக்கினார். தூண்களுக்கு வெளியே ஒரு அம்புக்கோடு. அதன் மேல் சின்னச் சின்ன எண்கள்.

“இதைப் படிங்க.”

“ரெண்டு புள்ளி ஒம்பது. பூஜ்யம் புள்ளி ஒண்ணு ஒண்ணு அஞ்சு. ரெண்டு புள்ளி ஏழு அஞ்சு. திரும்பவும் பூஜ்யம் புள்ளி ஒண்ணு ஒண்ணு அஞ்சு...” அவள் நிமிர்ந்தாள். “அளவுதானே? அதுக்கென்ன?”

“வெறும் கார் நிறுத்தம் மேடம். நடுவுல ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு எதுக்கு பதினொன்றரை சென்டிமீட்டர்?”

“எதுக்கு?”

“நாலரை இஞ்சு. அரைச் செங்கல் சுவரோட கனம் அது. நாங்க முதல்ல நெசப் படத்தைத்தான் போடுவோம். அப்புறம் அனுமதிக்காக அதுல இருக்கிற சுவரை மட்டும் அழிப்போம். அளவை அழிக்க மாட்டோம். மொத்தம் சரியா வருதுல்லா, யாரு உக்காந்து பாக்கப்போறா? சோம்பல்தான், வேற ஒண்ணுமில்ல. அப்புறம் அதுவே வசதியாப் போச்சு. கொத்தனாரு அனுமதிப் படத்தை வெச்சே சுவர் எங்க வரும்னு கண்டுபிடிச்சிருவாரு. சென்னையில எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான்.”

“நாங்க, நாங்கங்கறீங்க?”

“இது நான் போட்டது.”

உமையாள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். கோபம் பிறகு வரட்டும் என்று ஒதுக்கிவைத்த பார்வை அது. “நிமிர்த்தி இந்த எண்களைப் பாக்கலியா?”

“பாத்துது. நாலு வருஷத்துக்கு முன்ன கேட்டுது. சுவர் இல்லாத எடத்துல 0.115னு நெறைய படத்துல வருதே, இது என்னன்னு. நான்தான் பதில் சொன்னேன்.”

அந்தப் பதில் இப்போதும் மையத்தில் விதி எண் எண்பத்தெட்டாக இருந்தது. ‘சுவரோடு சேராத 0.115 அளவு மிகையானது. புறக்கணிக்கவும். விதி தந்தவர்: ஜெபசிங்.’ அன்றைக்கு அதைத் தட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். அந்த அறைகளில் இருக்கும் ஏழைகளுக்கு நன்மை செய்ததாகக்கூட நினைத்துக்கொண்டார். அறை எழும்பாவிட்டால் நாளைக்கு நோட்டீஸும் போகாதே! சொன்ன பொய்யைக் கடைசிவரை காப்பாற்றுகிற பழக்கம்தான் அது. அதற்கு நன்மை என்று பெயர் வைத்துக்கொண்டால் டீ ருசியாக இருக்கும்.

“சரி, அந்த விதியை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எடுங்க,” என்றாள் உமையாள்.

“ஒரு வீட்டுக்குன்னு எடுக்க முடியாது மேடம். விதி நகரம் முழுக்க ஒண்ணுதான். எடுத்தா அத்தனையும் எழும்பிரும்.”

“எத்தனை?”

“முப்பதாயிரம் இருக்கும். நாப்பதும் இருக்கும்.”

அனுமதியில்லாத அறை ஒன்று மாதிரியில் எழுந்தால், ஒரு மணி நேரத்துக்குள் அதற்குக் காலி செய்யும் நோட்டீஸ் தானாகப் போகும். முப்பது நாள் அவகாசம். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், யாரும் நிறுத்தவும் முடியாது. கெஞ்சினால் இரங்குகிற அதிகாரி ஒருவரும் நடுவில் இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருந்தார்கள்.

“அறைக்கு மூணு பேர்னு வெச்சாலும் ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வருவாங்க சார். இந்த மழையில.”

“தெரியும்.”

“விதியை எடுக்கணும்னா தந்தவர்தான் எடுக்கணும். காரணமும் எழுதணும். தெரிஞ்சே தப்பான பதில் குடுத்ததுக்கு ஏழு வருஷம்.”

“அதுவும் தெரியும்.”

தெரியும் என்று சொல்வது எளிதாக இருந்தது. விரல்தான் நகரவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அடுத்த மே மாதம் ஓய்வு. அவர் அறுநூறு வரைபடம் போட்டார், ஊரே லட்சம் போட்டது. எல்லோரும் செய்ததற்கு இவர் ஒருவர் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்? இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனதில் வந்தது. வந்ததற்கு அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டும் விரல் நகரவில்லை.

“பம்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க மேடம்,” என்றார்.

“நிறுத்தினா மேல இருக்கிறவங்க என்ன ஆவாங்க? கீழ சுவர் இருக்குன்னு தெரிஞ்சாதானே இயந்திரம் வேற வழி யோசிக்கும்? வெறும் தூண்னு நம்பிட்டு இருக்கிற வரைக்கும் அதுக்கு இருக்கிறது ஒரே வழிதான்.” மணி இரண்டு முப்பத்திரண்டு. “கீழ நெசமா ஆள் இருக்கா, இல்ல பூட்டிக் கிடக்கா? அதையாவது உறுதி பண்ணுவோம்.”

அவள் பி வீட்டின் போன்களிலிருந்து வந்த அவசர அழைப்புகளைத் திறந்தாள். அழைப்புகளை இயந்திரமே எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்க:

“நாங்க கீழ இருக்கோம்! கீழ் வீடு! தண்ணி வருது!”

“உங்கள் இருப்பிடம் முதல் மாடி, பி வீடு. தயவுசெய்து பால்கனிக்கு வரவும்,” என்றது இயந்திரம், பொறுமையாக.

“பால்கனியே இல்லங்க, கீழ இருக்கோம்னு எத்தினி வாட்டி சொல்றது!”

“கீழே குடியிருப்பு இல்லை. தயவுசெய்து பால்கனிக்கு வரவும்.”

உமையாள் அழைப்பைத் தன்பக்கம் திருப்பினாள். “அம்மா, நான் மனுஷி பேசறேன். உமையாள். உங்க பேரு?”

அந்தப்பக்கத்திலிருந்து அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தன. பெயர் தன்ஷிகா. போளூர்ப் பக்கம். துணி தைக்கிற கம்பெனியில் வேலை, மழையால் லீவு. மூன்றாவது அறையில் இருக்கிறாள். எல்லா அறையிலும் சேர்த்து ஒன்பது பேர். முதல் அறையில் தையல் மாஸ்டர் அண்ணன் மேல் பீரோ சாய்ந்துவிட்டது. அவர் பேசுவதை நிறுத்திப் பத்து நிமிடமாகிறது. தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருக்கிறது.

ஜெபசிங் மைக்கிடம் குனிந்தார். “தங்கச்சி, நடுச்சுவர் எல்லாம் நிக்கா?”

“நிக்குதுங்க. விரிசல் உட்டு மண்ணு கொட்டுது. ஆனா நிக்குது.”

“அந்தச் சுவருதாம்மா மேல உள்ளதைத் தாங்கிட்டிருக்கு,” என்றார். பிறகு, கேட்டிருக்கவே கூடாததை, யாராவது தனக்காக முடிவு செய்துவிட மாட்டார்களா என்ற கோழைத்தனத்தில் கேட்டார்: “உங்களை எடுக்கணும்னா அங்க ரூம் இருக்குன்னு நாங்க எழுதணும். எழுதினா அப்புறம் உங்களைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்களை மட்டுமில்ல, ஊருல இந்த மாதிரி ரூம்ல இருக்கிற எல்லாரையும். அதான்...”

“சார்!” என்று உமையாள் அதட்டினாள். ஆனால் தன்ஷிகா முந்திக்கொண்டாள்.

“யோவ், இது இப்பக் கேக்கற கேள்வியாய்யா? காலி பண்ணுன்னு சொல்றவங்கிட்ட மல்லுக்கு நிக்கலாம். கோர்ட்டுக்குப் போலாம், இல்லன்னா கால்ல உழலாம். நீ இங்க இல்லவே இல்லங்கறவங்கிட்ட என்னா பண்றது? கா மணி நேரமா அந்த மிசினு என்னைப் பால்கனிக்கு வாங்குது. நான் இருக்கறன்யா. இருக்கறன்னு எழுது மொதல்ல!”

ஜெபசிங் உட்கார்ந்தார். விதி எண் எண்பத்தெட்டைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில், ‘0.115 என்பது சுவர். அது எனக்கு அன்றைக்கே தெரியும்’ என்று தட்டச்சு செய்தார். கட்டைவிரலை வைக்கச் சொன்னது. வைத்தார். மணி இரண்டு முப்பத்தொன்பது.

முதல் சில விநாடி ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்த்தி அந்த எண்களைப் படித்துக்கொண்டிருந்தது. பிறகு பெரிய திரையில் பன்னிரண்டு கார்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. காலித்தரையில் கோடு விழுந்தது, கோடு தடித்தது, தடித்த கோடு முட்டளவு, இடுப்பளவு, ஆளுயரம் என்று எழுந்து தளத்தைத் தொட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து அறை. நடுவில் நடை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் அழித்த சுவர் ஒவ்வொன்றும் அவர் கண்ணெதிரே திரும்பி வந்து நின்றது. முதல் மாடி பி வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்பது, தளத்தைக் கடந்து கீழே இறங்கி, தத்தம் அறைகளில் போய் நின்றன. மூன்றாவது அறையில் நின்ற புள்ளியின் மேல் அப்போதுதான் ஒரு பெயர் வந்தது. ஜெபசிங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காசிம்,” என்றாள் உமையாள், “இப்ப இயந்திரம் என்ன சொல்லுது?”

“மேடம், பம்பை நிறுத்திவெச்சிடுச்சு. மொத்தத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து யோசிக்குது.” மழை. யாரோ ஓடும் சத்தம். “வந்துடுச்சு! சுவர் அஞ்சும் நிக்கறதால மேல பாரம் கொஞ்ச நேரம் தாங்கும்ங்குது. முன்பக்கம் தூணைச் சுத்தி மட்டும் நுரை. பின்பக்கச் சுவர்ல ஓட்டை போட்டு நடை வழியா ஆளை எடுக்கச் சொல்லுது. அப்புறம், தட்டற சத்தத்தை பைப்புல காத்துன்னு போட்டிருந்துதில்ல, அதை மாத்திடுச்சு மேடம். ஆள்னு போட்டிருக்கு.”

அடுத்த ஒன்றே கால் மணி நேரத்தைப் பற்றி ஜெபசிங்குக்குப் பிறகு சரியாக நினைவில்லை. தன்ஷிகா இரண்டாவதாக வெளியே வந்தாள் என்பது நினைவிருக்கிறது. வெளியே வந்தவள் முதல் காரியமாக வீட்டு உரிமையாளரைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தாள் என்று காசிம் சொன்னதும் நினைவிருக்கிறது. மேலே இருந்தவர்களை நுரைக்கல் இறுகியபின் ஏணியில் இறக்கினார்கள். மாஸ்டரைக் கடைசியாக எடுத்தார்கள். இரண்டு காலும் நசுங்கியிருந்தன, மூச்சு இருந்தது. நாலு மணிக்குக் கட்டடத்தில் யாரும் இல்லை. நாலு பத்துக்கு அது விழுந்தது.

ஆனால் அதற்குள் திரையில் ஏரிக்கரை நகரை யாரும் பார்க்கவில்லை. நகரம் முழுவதும் எழும்பிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிகளில், படிக்கட்டுக்கு அடியில், பக்கவாட்டுச் சந்துகளில், கார் நிறுத்தங்களில். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றாறு அறைகள். மூன்று நாற்பதுக்கு நோட்டீஸ்கள் கிளம்பின.

செயலாளர் போனில் கத்தியது ஒலிபெருக்கி இல்லாமலே கேட்டது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள், ஒரு லட்சம் பேரைத் தெருவில் நிறுத்திவிட்டீர்கள், அந்த ஆளை உடனே போலீஸில் ஒப்படையுங்கள். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் ஜெபசிங்குக்கு வேதனையாக இருந்தது. ஒன்பது பேருக்காக ஒரு லட்சம் பேரின் கூரையைப் பிடுங்கினோமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ஒன்பது பேரின் முகமும் தெரியாது, அந்த லட்சம் பேரின் முகமும் தெரியாது. இனி என்றைக்கும் இந்தக் கணக்கு நேராகாது என்று தோன்றியது.

நாலரைக்குச் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை அவர் குரலைக் கேட்க உமையாள் போனைக் காதோடு அழுத்த வேண்டியிருந்தது.

“என்ன சார்? உங்க வீட்டுக்கா? ... மொட்டைமாடியில துணி காயப்போடற இடம்தானா? ... இல்ல சார், இதுல நாலு பக்கமும் நாலரை இஞ்சு சுவர் காட்டுது. பாத்ரூம் வேற காட்டுது.”

அவள் போனை வைத்துவிட்டுப் பட்டியலைப் பெயர் வரிசையில் கொண்டுவரச் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் அவள் பின்னால் கூடினார்கள். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அமைச்சர் ஒருவரின் மாமனார் வீடு. இரண்டு நீதிபதிகளின் வீடுகள். மூன்று தனியார் பள்ளிகளின் மேல்தளம். ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. மாதிரிச் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவருக்கே புத்தக அறை என்று ஒன்று இருந்தது; அதுவும் இல்லாத அறைதான். சோம்பல் ஏழைக்குத் தனி, பணக்காரனுக்குத் தனி என்று இருக்குமா? வரைந்தது எல்லாம் ஒரே கூட்டம். சுவரை அழித்தோம், அளவை அழிக்கவில்லை.

ஐந்தரைக்கு அரசாணை வந்தது. இப்படி ஓர் ஆணை இரண்டு மணி நேரத்தில் வந்ததாக அந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. குழு ஒன்று அமைக்கப்படுகிறது. அது அறிக்கை தரும்வரை நோட்டீஸ்கள் அனைத்தும் நிறுத்திவைக்கப்படுகின்றன. குழுவின் அறிக்கை வரும் தேதியை எந்தப் பைத்தியக்காரனும் நாள்காட்டியில் குறித்துவைக்க மாட்டான். ஆனால் எழும்பிய அறைகளை மாதிரியிலிருந்து எடுக்க வழியில்லை. மாதிரியில் இருப்பதே கட்டடம் என்று சட்டம் சொல்கிறதே! நாற்பத்தோராயிரம் அறைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன, முதல் முறையாக.

நிறுத்திவைக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஜெபசிங் எழுதிக் கட்டைவிரல் வைத்த வாக்குமூலம். குழுவின் வரம்புக்குள் அது வரவில்லை.

ஆறு மணிக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையாகத்தான் அழைத்தார். உமையாள் வாசல்வரை வந்தாள். அவளிடம் ஒதுக்கிவைத்த கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும் சார் நீங்க.”

“ஆமா,” என்றார் அவர்.

“உங்க வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன். மகளைப் பத்திக் கவலைப்படாதீங்க. வக்கீலும் பாக்கறேன்.”

அவர் தலையசைத்தார். இன்ஸ்பெக்டரின் பின்னால் நடந்தார்.

காவல் நிலையம் பழைய கட்டடம். அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய், கம்பிக் கதவு போட்ட ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். ஈரம். சுண்ணாம்பு வாடை. தொழில் பழக்கம் விடுமா? உட்கார்ந்தவர் கதவு நிலைக்கும் சுவருக்கும் இருந்த இடத்தில் விரலை வைத்துக் கனம் பார்த்தார். அரைச் செங்கல். மேலே பார்த்தார். தளம் ஒரு பக்கமாகத் தாழ்ந்து, நடுவில் நீளமாக ஒரு விரிசல், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டீ கொண்டுவந்த கான்ஸ்டபிளிடம் கேட்டார். “இது முன்ன சைக்கிள் ஸ்டாண்டா தம்பி?”

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” கான்ஸ்டபிள் கம்பிக்கு அந்தப்பக்கம் குந்தி, குரலைத் தாழ்த்தினார். “பேப்பர்ல இன்னமும் அதுதான். இத்தனை வருஷமா இதுல ஆளை அடைக்கறோம், உள்ள ஒரு லாக்கப் இருக்கறதே மேல யாருக்கும் தெரியாது. சாயங்காலம் எங்களுக்கும் ஒரு நோட்டீஸ் வந்துது. இன்ஸ்பெக்டரம்மா கையில வெச்சுக்கிட்டு முழிக்கறாங்க.”

ஜெபசிங் டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வெளியே மழை வலுத்தது. விரிசலிலிருந்து விழுந்த சொட்டு இப்போது நூலாக இறங்கியது.

“இது தாங்குமா சார்? நீங்க தெரிஞ்சவரு, சொல்லுங்க,” என்றார் கான்ஸ்டபிள்.

அவர் தளத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். இன்று முழுவதும் சொன்ன உண்மை போதாதென்று இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

“தாங்காது,” என்றார். “ஆனா இன்னைக்கு விழுந்தா தேடி வருவாங்க.”